படிக்க வைத்ததால் கெடவில்லை

விசைத்தறி ஊரான பள்ளிபாளையத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. சங்ககிரி சாலை டீக்கடையில் சொல்கிறார்கள், தறிக்குடோன் வாசலில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியிலும் சொல்கிறார்கள். "படிக்க வெச்சுத்தானுங்க அந்தக் குடும்பம் கெட்டுச்சு. பையன் தறியில நின்னிருந்தா இந்நேரம் நாலு காசு பாத்திருப்பான். இப்பப் பாருங்க, பேங்க்குக்காரன் வாசல்ல வந்து நிக்கறான்." கூடவே வயதானவர்கள் ஒன்று சேர்ப்பார்கள்: "நாங்கெல்லாம் லோன் வாங்கியா படிச்சோம்?" கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் தீர்ப்பு வரும். கையில் போன், ஓட்ட பைக், எல்லாம் தவணை. இந்தப் பசங்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை.

சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பலர் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நின்று வீடு கட்டியவர்கள். அவர்களுடைய உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியாது. அது உண்மைக்கு மாறானது. அதைவிடவும் மோசம், கல்லூரி, வங்கி, அரசு, வேலை கொடுக்கும் நிறுவனம் என எல்லோரும் எடுத்த முடிவுகளின் செலவை இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் குணக்கேடாக அது மாற்றிவிடுகிறது.

கடன் இந்த ஊருக்குக் கல்லூரி வழியாக வந்ததா என்பதை முதலில் பார்ப்போம். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகளில் 'பாக்கி' என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறிக்கு வரும்போது முதலாளியிடம் வாங்கும் முன்பணம் அது. வேறு குடோனுக்குப் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய முதலாளிக்கு அந்தப் பாக்கியைக் கட்ட வேண்டும். ஆளோடு சேர்ந்து கடனும் இடம் மாறும். 1990-களில் குமாரபாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கெர்ட் டி நீவ் இந்தப் பாக்கியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அன்று தறி ஓட்டிய தலைமுறையில் பொறியியல் படித்தவர்கள் யார்? கல்விக் கடன் என்ற ஏற்பாடு அப்போது பரவலாக இல்லை. கடன் மட்டும் வீட்டுக்கு வீடு இருந்தது. பிரசவத்துக்கு, சீருக்கு, இழவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, தறி ஓடாத வாரத்தின் அரிசிக்கு. மீட்டர் கணக்கில் கூலி. பாவு வராத நாளில் கூலி இல்லை, நூல் விலை ஏறி முதலாளி தறியை நிறுத்தினாலும் இல்லை. அந்த இடைவெளியை வார வட்டி நிரப்பியது. பிறகு பெண்களின் பெயரில் குழு லோன் வந்து நிரப்பியது.

2025 ஜூலையில் இந்த ஊரின் பெயர் தமிழ்நாடு முழுக்கச் செய்தியானதை மறக்க முடியாது. கடனில் தவித்த விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் தேடிப் பிடித்துச் சிறுநீரகத்தை விற்க வைத்தார்கள் என்ற புகார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது. அந்தச் செய்திகளில் வந்தவர்கள் கல்லூரிக்குப் போய்க் கெட்டவர்கள் அல்லர். தறிக்கூலியை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள். "தறியிலேயே நின்றிருந்தால்" என்று சொல்லும்போது, தறியிலேயே நின்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தறிக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற கவலை இந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருப்பதையும் கவனிக்கிறேன். வெளிமாநிலத் தொழிலாளர்களை நம்பி வெப்படை மில்கள் ஓடுகின்றன. தறிகளுக்கும் அதே நிலை வந்துகொண்டிருக்கிறது. உள்ளூர்ப் பையன் படித்துவிட்டு வெளியேறியதில் தொழிலுக்கு நஷ்டம் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த தறி உரிமையாளர்கள் தங்கள் பிள்ளைகளைத் தறியில் நிறுத்தவில்லை. திருச்செங்கோட்டுக்கும் கோவைக்கும் சென்னைக்கும் அனுப்பிப் படிக்க வைத்தார்கள். சரியான முடிவுதான். அதே முடிவைத் தொழிலாளி எடுத்தால் மட்டும் அது பேராசையாகிவிடுமா?

"நாங்கள் லோன் வாங்காமல் படித்தோம்" என்பதற்கு வருவோம். உண்மைதான், வாங்கவில்லை. வாங்க வேண்டிய தேவை இல்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோட்டில் 1954-இல் தொடங்கிய சிக்கய்ய நாயக்கர் கல்லூரி இருந்தது. சேலத்தில் 1857-இன் வேர் கொண்ட அரசு கலைக் கல்லூரி இருந்தது, 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரியும் இருந்தது. ஆசிரியர் சம்பளத்தையும் கட்டடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் அரசுப் பணம் தாங்கியது. மாணவர் கட்டியது பெயரளவுத் தொகை. அந்தத் தலைமுறைக்குப் படிப்பு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அவர்களுடைய சிக்கனம் அல்ல. பெரும்பகுதிச் செலவை மற்றவர்களின் வரிப்பணம் ஏற்றுக்கொண்டதுதான். அந்த வரியில் எழுதப்படிக்கத் தெரியாத தறிக்காரரின் தீப்பெட்டி வரியும் சேர்ந்திருந்தது.

அந்த ஏற்பாடு தானாகக் கலையவில்லை. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அதனால் இடங்கள் பெருகின, அது நல்ல பலன். எங்கள் பக்கத்தில் திருச்செங்கோடு, குமாரபாளையம், நாமக்கல் என்று கல்லூரிகள் நெருங்கி முளைத்தன. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கட்டுப்பாடு வைத்தது: தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்களை அரசுக் கட்டணத்தில் கொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 'ஃப்ரீ சீட்', 'பேமென்ட் சீட்' என்ற பேச்சு நினைவிருக்கும். மதிப்பெண் இருந்தால் ஏழை வீட்டுப் பிள்ளை அந்த ஃப்ரீ சீட்டில் ஏறிவிடலாம். 2002 அக்டோபர் 31 அன்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு அந்த ஏற்பாட்டை நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2001-இல், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்திருந்தது. நான்கு லட்சம் வரை ஈடு வேண்டாம், பிணை வேண்டாம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதி இடத்தின் கட்டணச் சுமை மற்றவர் தோளிலிருந்து மாணவரின் தோளுக்கு இறங்கியது. இறங்கிய சுமையைத் தாங்கக் கடன் நீட்டப்பட்டது. கட்டணத்துக்கான கடன் பணம் மாணவர் கைக்கு வருவதில்லை. வங்கியிலிருந்து நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகிறது. கல்லூரிக்கு அன்றே முழுக் கட்டணமும் கிடைத்துவிடுகிறது. வங்கிக்கு வட்டி. படிப்பு வேலையாக மாறுமா மாறாதா என்ற அபாயம் மட்டும் மாணவர் மேலும், கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட அப்பா அல்லது அம்மா மேலும் விழுகிறது. நான் சொல்ல வந்ததன் கரு இதுதான். கல்விக் கடன் என்று நாம் அழைப்பது, நல்ல கல்லூரியைப் பொது இடத்தில் பொதுப் பணத்தில் கட்டாமல் விட்டதால் ஏற்பட்ட பாக்கி. அதை இந்தத் தலைமுறையின் பெயரில் எழுதிவைத்திருக்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு, கலந்தாய்வு வழியாகச் சேரும் பொறியியல் மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. கலந்தாய்வில் போனாலும் நான்கு ஆண்டுக்கு 2 முதல் 2.2 லட்சம். அதோடு விடுதி அல்லது கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், மடிக்கணினி. மொத்தம் நான்கு லட்சம் கடன், ஆண்டுக்கு ஒரு லட்சமாக, 10.5 சதவீத வட்டியில் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு ஆண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும். அந்த ஐந்து ஆண்டில் தனிவட்டி மட்டும் 1.47 லட்சம். ஐந்தாம் ஆண்டு முடிவில் பாக்கி 5.47 லட்சம். ஏழு ஆண்டில் அடைக்க நினைத்தால் மாதம் ஏறத்தாழ 9,200 ரூபாய். கட்ட முடியவில்லை என்று பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் மாதம் 6,050 ரூபாய்தான். ஆனால் மொத்தமாகக் கட்டுவது பத்து லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டும். நான்கு லட்சத்துக்கு.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தத் தவணையில்லாக் காலத்தின் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பிற்பாடு அதில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: நாக் தர அங்கீகாரமுள்ள கல்லூரி, அல்லது என்.பி.ஏ. தர அங்கீகாரமுள்ள படிப்பு. கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லாதது கல்லூரியின் குறை. அதற்கான அபராதத்தை மாணவர் கட்டுகிறார்.

இனி மறுபக்கம், சம்பளம். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு 2010 வாக்கில் ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றேகால் லட்சம் கொடுத்தன. இன்றும் பெரும்பாலோருக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான். இடையில் விலைவாசி என்ன ஆனது? அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டையே எடுத்துக்கொள்வோம்: 2012-இல் நூறு என்று தொடங்கியது 2024-இல் 190-ஐத் தாண்டிவிட்டது. அன்று நூறு ரூபாய்க்கு வாங்கியதை இன்று நூற்றுத் தொண்ணூறுக்கு வாங்குகிறோம், சம்பளம் ஏறத்தாழ நின்ற இடத்தில் நிற்கிறது. அப்படியானால் இன்று வேலைக்குச் சேரும் பட்டதாரி பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் சேர்ந்த அண்ணனைவிட வாங்கும் சக்தியில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைவான சம்பளத்துக்கு வேலை செய்கிறார் என்று பொருள். "இந்தத் தலைமுறைக்குக் கிடைப்பது போதவில்லையாம்" என்று கடிந்துகொள்பவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றரை லட்சம் என்றால் பிடித்தம் போகக் கையில் வருவது இருபத்தைந்தாயிரத்தை ஒட்டித்தான். சென்னையிலோ பெங்களூரிலோ பி.ஜி.யில் ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, அலுவலகம் போய்வரச் செலவு. அதன்பின் 9,200 தவணை. வீட்டுக்கு என்ன அனுப்புவது? அதுவும் ஐ.டி. கிடைத்தவர்களின் கதை. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரத்துக்குப் பயிற்சிப் பணியாளராக நிற்கும் பொறியியல் பட்டதாரிகளை இந்த ஊரிலேயே தெருவுக்குத் தெரு காட்டலாம்.

இன்னொன்றும் நடந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. விலைவாசியைக் கட்டுப்படுத்த எடுத்த நடவடிக்கை. மாறும் வட்டியில் கல்விக் கடன் வாங்கியவர்களின் வட்டியும் கூடவே ஏறியது. விலைவாசியால் அடிபட்டவரிடமே, விலைவாசியைக் குறைப்பதற்கென்று இன்னொரு தொகையும் வாங்கப்பட்டது. 2025-இல் குறைத்தார்கள். அதற்குள் கட்டியது கட்டியதுதான்.

போனையும் பைக்கையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020, 2021-இல் கல்லூரியே போனுக்குள்தான் நடந்தது. வேலைக்கு விண்ணப்பம், நேர்முகம், சம்பள ஸ்லிப் எல்லாம் அதில்தான். ஆவாரங்காட்டிலிருந்து இரவு ஷிப்டுக்குப் போகிறவருக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. சிலர் தகுதிக்கு மீறி வாங்குகிறார்கள், ஆம். எல்லாத் தலைமுறையிலும் சிலர் வாங்கினார்கள். ஒரு போனின் விலையை முழுதாக மிச்சம் பிடித்தாலும் மேலே போட்ட கணக்கில் இரண்டு மூன்று மாதத் தவணை குறையும். பதினைந்து ஆண்டுக் கடனை அது விளக்காது.

"வாங்கினால் கட்டத்தான் வேண்டும்" என்பது மட்டும் மிஞ்சுகிறது. இது நேர்மையான வாதம். இதை நேர்மையாகவே எதிர்கொள்ள வேண்டும். நானும் கடனைத் திருப்பித் தருவது கடமை என்று நம்புகிறவன்தான். கேள்வி, அந்தக் கடமையை யார் யாரிடம் எவ்வளவு கறாராகக் கேட்கிறார்கள் என்பது. 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதில் 7.40 லட்சம் கோடி பெருந்தொழில், சேவை நிறுவனங்களுடையது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்று வங்கிகள் சொல்லும். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் 2024 மார்ச்சில் நாட்டின் மொத்தக் கல்விக் கடன் நிலுவையே ஏறத்தாழ 1.2 லட்சம் கோடிதான். அந்த மொத்தமும் நீக்கப்பட்ட தொகையின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்தது இன்னும் வலிக்கிறது. பத்தாண்டுக்கு முன் பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக் கடன்களின் ஒரு தொகுப்பை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குத் தள்ளுபடி விலையில் கைமாற்றியது. பிறகு வசூல் முகவர்கள் மாணவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். 2016 ஜூலையில் மதுரையில் பொறியியல் பட்டதாரி ஒருவர் உயிரை விட்டார். வசூல் நெருக்கடியே காரணம் என்று குடும்பம் சொன்னது, மாநிலமே கொதித்தது. நிறுவனத்துக்குக் குறைத்துக் கொடுக்கும் அதே விலையை முதலில் மாணவருக்கும் அவர் பெற்றோருக்கும் ஏன் கொடுக்கக் கூடாது? கூடாது என்று சொல்ல எந்த நீதியும் இல்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கட்டாமல் போனால் சிபில் என்னும் கடன் மதிப்பெண் விழுகிறது. விழுந்த மதிப்பெண் வேலைக்கே தடையாகலாம். கடன் வரலாறு சரியில்லை என்று வங்கிப் பணி நியமனம் ரத்து செய்யப்பட்டதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் சரி என்றது. அந்த வழக்கில் இருந்தவை தனிநபர்க் கடனும் கிரெடிட் கார்டும். அந்த அளவுகோலைக் கல்விக் கடனுக்கும் வைத்தால் வேலை கிடைத்தால்தான் கடன் அடையும், கடன் அடைந்தால்தான் வேலை கிடைக்கும் என்றாகும். கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சிபில் குறைவைக் காட்டி மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்றது. மாணவர்கள் நாளைய தேசத்தைக் கட்டுபவர்கள் என்ற கண்ணோட்டத்தில் பார்த்த தீர்ப்பு அது. அந்தக் கண்ணோட்டம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தமிழ்நாடு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47 சதவீதம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாத ஆயிரம் ரூபாயால் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் கை ஏந்தாமல் போகும் பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத இடத்தில் சேர்ந்தவர்களின் கட்டணம் முழுவதையும் அரசு கட்டுகிறது. இவை பெரிய காரியங்கள். தறித்தெருப் பிள்ளைக்குச் செலவு செய்வது வீண் இல்லை என்பதற்கு இவைதான் சாட்சி.

ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் கல்விக் கடன் தள்ளுபடி என்று வாக்குறுதி கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். 2021-இல் அது தேர்தல் அறிக்கையில் வந்தது. நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்கு வட்டியும் கெட்ட பெயரும்தான் மிச்சம். தேவைப்படுவது வேறு. ஆஸ்திரேலியா 1989-லிருந்தே படிப்புக் கட்டணத்தை வருமானத்தோடு கட்டிவைத்திருக்கிறது: குறிப்பிட்ட வருமானத்தைத் தொடும்வரை தவணை கிடையாது, தொட்டபின் சம்பளத்தில் இவ்வளவு பங்கு என்று வரியோடு பிடித்தம். வேலை போனால் தவணை தானாக நிற்கும். 2025-இல் அந்த நாடு நிலுவையில் இருபது சதவீதத்தைச் சட்டம் போட்டே குறைத்தது. அங்கே பேச்சு மாணவரின் குணத்தைப் பற்றி நடக்கவில்லை, விதியைப் பற்றி நடந்தது. நம் வங்கிகளிலும் மாதம் முப்பதாயிரத்துக்குக் கீழ் சம்பளம் வாங்குகிறவரிடம் தவணை கேட்காத விதி ஏன் இருக்கக் கூடாது? விடுதிக் கட்டணத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் கல்விக் கட்டணத்தைப் போலவே ஏன் கறாராகக் கட்டுப்படுத்தக் கூடாது?

இதற்கெல்லாம் டெல்லி அசைய வேண்டும், நாளாகும். சென்னை நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை, சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாயைக் குறைக்கிறது. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. அண்ணன் பட்டம் வாங்கியதால் அம்மாவின் தறிக்கூலி ஏறிவிடுவதில்லை. பல வீடுகளில் அண்ணனின் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் அதே ஆண்டில்தான் தங்கை பிளஸ் டூ முடிக்கிறாள். நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம். இந்த இடத்தில்தான் பல பெண்பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது. இது அரசாணையில் உள்ள விதி. இன்னோர் அரசாணையால் அடுத்த கலந்தாய்வுக்கு முன் இதை மாற்றிவிடலாம். அதற்குச் சட்டமன்றம்கூடக் கூட வேண்டியதில்லை.